தாழ்ப்பாளில் ஒன்பது முறை

முதலில் இருமல்தான் கேட்டது. மனுஷ இருமல் இல்லை, குழாயின் இருமல். தண்ணீருக்கு முன்னால் கிளம்பி வருகிற காற்று இரும்புக்குள் முட்டி, க்கூ, க்கூ, க்கூ என்று மூன்று தடவை நின்று, நாலாவதில்தான் நீள மூச்சாக வெளியே வரும். கண்ணைத் திறக்காமலே ஜெசிந்தா அதை எண்ணினாள். காதை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் கண் ஒரு கூடுதல் சாமான். விடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாயில் சாய்ந்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. காதுமடல் இன்னும் சூடாக இருந்தது, வலது கால் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே பெடல் இருக்கிற மாதிரி. அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும், பக்கத்தில் தட்டினால் மூன்று நொடி பின்னால் போகும். பதிந்த பேச்சைக் கேட்டு டைப் அடிக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கோயிலில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட சாமியார் வேகமாகப் பேசினால் இந்தக் கால் தட்டிப் பார்க்கும். அவர் மூன்று நொடி பின்னால் போகமாட்டார். யாரும் போகமாட்டார்கள். போக முடிந்தால், போன வருஷம் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமைக்குப் போய், பதினேழாவது நிமிஷத்தில் காலை எடுத்திருப்பாள். தலைமாட்டில் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. பார்க்காமலே தெரியும், பிருந்தா. சென்னை ஆபீசில் அவளுக்கு மேலே இருக்கிற பெண், முப்பது வயசுகூட இருக்காது, நல்ல பிள்ளை. அஞ்சு மணிக்கே எழுதியிருந்தாள்: ஒரே வார்த்தை அக்கா, கன்ஃபர்ம்ட்னு போட்டுருங்க, எட்டு மணிக்கு நான் லாக் ஆஃப் பண்ணணும். ஒரே வார்த்தை. மற்ற எல்லாவற்றையும் ஒரே வார்த்தையாக ஆக்கினவள்தானே, இதையும் ஆக்கிவிட்டுப் போகலாமே. வெளியே குழாய் மறுபடி இருமியது. உறையூரில் இந்த லைனில் ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், முக்கால் மணி நேரம். எழுந்திருக்காவிட்டால் அதுவும் போச்சு.

குடங்களை எடுத்துக்கொண்டு போனபோது மும்தாஜ் அக்காவின் கடைசிக் குடம் பாதியில் இருந்தது. "என்னடி ஜெசி, அமெரிக்காக்காரியெல்லாம் தூங்கப் போயிட்டாளுவளா? கண்ணு ரெண்டும் கோவப்பழமா கெடக்கு." தூங்கிட்டாளுங்கக்கா என்றாள் இவள். "அப்ப நீயும் போய்ப் படுக்க வேண்டியதுதானே. அவளுவ பேசுறதைக் கேட்டுக் கேட்டு நீ எங்ககிட்ட பேசுறதையே விட்டுட்ட." மும்தாஜ் அக்கா பேசும்போது பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சுவாள், சொன்னதையே திருப்பிச் சொல்வாள், நடுவில் தெருநாயை விரட்டுவாள். ஜெசிந்தாவின் மனசு அத்தனையையும் தானாகவே வெட்டித் துடைத்து ஒரு வரியாக அடித்துக்கொண்டது. அதற்குத் தொழிலில் பேர் கிளீன். சுத்தப் பிரதி. விதிப் புத்தகத்தில் நாலாவது விதி: இருமல், செருமல், ம்ம், ஆ, தயக்கம் எல்லாம் விலக்கு, பேசுகிறவர் தடுமாறி ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னால் ஒரு தடவை மட்டும் எழுது. அந்த விதியை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் படிப்பு. இங்கிலீஷைக் காதால் பிடித்தாள், டாக்டர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற நோய்விவரங்களை வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்குத் திரும்பத் திரும்பப் பெடலைத் தட்டி. ஆனால் வெட்டுவது மட்டும் பிறவியிலேயே வந்தது. பிரதியைச் சரிபார்த்து மார்க் போடுகிறவர்கள் எழுதுவார்கள், இவ்வளவு சுத்தமான கை இந்தியாவிலேயே இல்லை என்று. பிருந்தா அதைப் படம் பிடித்து அனுப்பிப் பூச்செண்டு பொம்மை போட்டாள். அந்தப் பூச்செண்டு இன்னும் போனில் கிடக்கிறது, வாடாமல்.

டாக்டர்கள் பேச்சை அடிக்கிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்ட பிறகு இவளுக்கு மிஞ்சினது மெஷினுக்குப் பிடிபடாத குரல்கள்தான். அப்படித்தான் அந்தப் பெண்கள் வந்தார்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு கல்லூரி, இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிற பெண்களை, கவிதைக்காரிகள், கதைக்காரிகள், நாவல்காரிகள், ஒவ்வொருத்தியாக வீட்டுக்கே போய்ப் பேசவிட்டுப் பதிந்து வைத்திருந்தது. இருநூற்றுச் சொச்சம் பதிவில் இவள் பங்குக்கு நாற்பத்துமூன்று. ஒருத்தியின் முகமும் தெரியாது, ஒருத்தியின் புத்தகமும் கண்ணில் பட்டதில்லை, பேர்கூட நிற்காது, இவளே வைத்துக்கொண்ட பேர்தான். நாய்க்காரி, ஃபிரிட்ஜ் அம்மா, சிரிப்பாணி. நாய்க்காரி தன் கல்யாண முறிவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நாய் குரைக்கும், நாய்க்கு எல்லாம் தெரியும். சிரிப்பாணி ஆஸ்பத்திரியில் நர்ஸ், கையுறை வருகிற அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் கவிதை எழுதுகிறவள். செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை அடிக்கக்கூடாது, விதி. இன்னொருத்தி சொன்னாள், எங்கள் வீட்டில் உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள முடிகிற கதவு காருக்குத்தான் இருந்தது, அதனால் முதல் நாவலை நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து எழுதினேன் என்று. அன்றைக்கு ஜெசிந்தா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தன் அறையைப் பார்த்தாள். கதவே கிடையாது, பழைய சேலையில் தைத்த திரை. ஆனாலும் ஹெட்போனை மாட்டினால் பூட்டின மாதிரிதான். பொய் சொல்லப் போகிறவள் எச்சில் முழுங்குவது முன்னாடியே கேட்கும். அழப்போகிறவள் நாற்காலியை நகர்த்துவாள். ஒரு புருஷனுக்கோ பிள்ளைக்கோ தெரியாதது எல்லாம் இவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததை எல்லாம் இவள் வெட்டி எறிந்தாள், வெட்டினதற்கு மார்க் வாங்கினாள். மும்தாஜ் அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உன் முறைடி, பராக்குப் பார்க்காதே என்றாள். ஜெசிந்தா முதல் குடத்தை வைத்தாள். வெறும் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் கூரையில் கல் விழுகிற மாதிரி, அப்புறம் மெத்தென்று ஆகிவிடும்.

லோர்னாவை மட்டும் பேர் சொல்லித்தான் நினைப்பாள். லோர்னா வெஸ்டர்கார்ட், எண்பத்தொரு வயசு, அமெரிக்காவில் வடக்கே, பனி கொட்டுகிற டக்கோட்டா பக்கம், முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள், மூன்று மெல்லிய கவிதைப் புத்தகம். கொட்டாங்கச்சியைத் தரையில் இழுக்கிற குரல். பேட்டி எடுத்த பெண் உங்களுக்கு ஏன் இவ்வளவு குறைவாக எழுத வந்தது என்று கேட்டதற்கு, பஸ்ஸில் அறுபது பிள்ளைகள் கத்தும்போது தோன்றினதில் இறங்கி வீடு வருகிறவரை மிஞ்சினதை மட்டும்தான் எழுதினேன், மிச்சத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள் என்றாள். அது ஒன்றுக்காகவே அந்தப் பதிவை அழிக்க மனசு வரவில்லை. முப்பது நாளில் அழிக்கவேண்டும், அழித்தேன் என்று கையெழுத்துப் போடவேண்டும், வைத்திருந்தால் வேலை போகும். கையெழுத்துப் போட்டாள். பதிவைப் பழைய போனின் மெமரி கார்டில் ஏற்றி அடுப்படி அலமாரியில் வைத்தாள். உளுந்து களைகிறபோது, கீரை ஆய்கிறபோது லோர்னா பேசுவாள். பதினேழாவது நிமிஷம் வரும், புஸ்தகத்தில் எதிலும் இல்லாத புதுக்கவிதை ஒன்றை வாசிப்பாள், அப்போது பெரும்பாலும் குக்கர் சத்தம் போடும். குக்கர் சத்தம் போட்டது என்று ஒரு சாக்கை மனசு இப்போதும் தேடுகிறது. கவிதை சின்னதுதான். பதினாலு வயசுப் பெண் ஒருத்தி. வெளியே பனிப்புயல். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அக்காள் வந்து கதவைத் தட்டுகிறாள். யாரும் திறக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். சின்னவள் மட்டும் எழுந்து போகிறாள். அங்கேதான் லோர்னா திக்கினாள். திக்கினாள் என்றுதான் ஜெசிந்தா நினைத்தாள். என் கை. என் கை. என் கை. நடுநடுவே ரெண்டு நொடி. ஐயோ பாவம், கிழவிக்குக் கண்ணாடி நழுவிவிட்டது, வரி தொலைந்துவிட்டது, இதைக் காகிதத்தில் போட்டு அவளைப் பார்த்து ஊர் சிரிக்க விடுவதா என்று தோன்றியது. விதியால் மட்டும் வெட்டவில்லை. இரக்கத்தால் வெட்டினாள். ஒரு தடவை மட்டும் அடித்தாள்: என் கை தாழ்ப்பாளில். அடுத்த வரி, விடிந்தபோது முற்றம் முழுக்க வெள்ளை. சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தம்.

இரண்டாவது குடம். விரல் முட்டியில் தண்ணீர் சில்லென்று பட்டதும் பனி என்றால் இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று நினைத்தாள், பனியை அவள் பார்த்ததில்லை, மார்கழியில் காவிரிப் பாலத்து மேல் நிற்கிற புகையைத் தவிர. லோர்னா மார்ச்சில் செத்துப்போனாள். பிருந்தா அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்: அவங்க கடைசிக் கவிதையைக் கல்லூரி சின்னப் புத்தகமாப் போடுறாங்க அக்கா, வீட்டுல கையெழுத்துப் பிரதி எதுவும் கிடைக்கலையாம், அங்க ஆடியோவும் கெட்டுப்போச்சு, நம்ம டைப் பண்ணதுதான் இருக்கு, அதுல ஒரு ஊர்ப்பேர் எழுத்து சரியான்னு மட்டும் கேக்குறாங்க. ஊர்ப்பேரைச் சரிபார்க்கத்தான் அடுப்படி போனை எடுத்தாள். ஊர்ப்பேர் சரியாகத்தான் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் ஓடவிட்டாள், இதுவரைக்கும் ஒருநாளும் கேட்காத தூரத்துக்கு, சமையல் முடிந்து தினமும் அணைத்துவிடுகிற இடத்தைத் தாண்டி. கடைசியில் பேட்டிக்காரப் பெண் சொல்கிறாள், நீங்கள் அந்தக் கவிதை வாசிக்கும்போது வெளியே லாரி போய்விட்டது, இன்னொரு தரம் வாசிப்பீர்களா. அன்றைக்கு அந்த இடத்தில் ஜெசிந்தா அடித்தது, மறுபடி வாசிக்கிறார், அவ்வளவுதான், அதுவும் விதி, ஒரே விஷயத்தை இரண்டு தரம் அடிக்கக்கூடாது, அந்த இடத்தைக் கேட்கக்கூட இல்லை. இன்று விடிகாலையில் கேட்டாள். லோர்னா மறுபடி வாசித்தாள். அதே இடத்தில் நின்றாள். என் கை. ரெண்டு நொடி. என் கை. ரெண்டு நொடி. விரல்விட்டு எண்ணினாள், ஒன்பது. பின்னால் போய் முதல் வாசிப்பை எண்ணினாள், ஒன்பது. கண்ணாடி நழுவவில்லை. வரி தொலையவில்லை. ஒன்பது தடவை அந்தப் பிள்ளையின் கை தாழ்ப்பாளுக்குப் போய் ஒன்பது தடவை திரும்பி வந்திருக்கிறது. கதவு திறக்கவே இல்லை. விடிந்தபோது முற்றத்து வெள்ளைக்கு அடியில் என்ன கிடந்தது என்று லோர்னா சொல்லவில்லை, சொல்லாமலே அறுபத்தேழு வருஷம் இருந்து, பஸ் ஓட்டி, சமைத்து, கிழவியாகி, கடைசியில் ஒரு பெண்ணிடம் சொன்னாள். ஜெசிந்தாவின் பிரதியில் கை ஒரே தடவை போகிறது, போய்த் திறந்துவிடுகிறது, அக்காள் உள்ளே வந்துவிடுகிறாள், வெளியே அழகான பனி. படிக்கிறவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். ஒரு மனுஷி உயிரோடு வைத்திருந்த பாவத்தை இவள் துடைத்து வெள்ளையடித்துவிட்டாள், அவளைக் கேட்காமல், இனிமேல் கேட்கவும் முடியாமல்.

சரி, ஆடியோ கையில் இருப்பதைச் சொல்லாமலே கவிதையைத் திருத்தலாமே, ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன் என்று. எட்டு மாசத்துக்கு முந்தின பதிவு எப்படி அக்கா ஞாபகம் இருக்கும் என்பாள் பிருந்தா. ஞாபகத்தை வைத்து யார் அச்சடிப்பார்கள்? சொல்லாவிட்டால்தான் என்ன? மெஷின் போட்டிருந்தாலும் இதையேதான் போட்டிருக்கும். வேலை போனால் நாற்பத்தெட்டு வயசில், பட்டம் இல்லாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே போவது? அதைவிட, ஹெட்போன் போய்விடும். அந்தப் பூட்டு போய்விடும். நாற்பத்துமூன்று பேரும் வெளியே நின்றுவிடுவார்கள். அந்த நாற்பத்துமூன்று பேரிடமும் எத்தனை கை, எத்தனை தாழ்ப்பாள் வெட்டினேன் என்று நினைத்ததும் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெட்டினது அவர்களிடம் மட்டுமா. சவரியின் நினைப்பு வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. சவரிமுத்து, அவள் தம்பி, அவளோடுதான் இருக்கிறான், புத்தூரில் பைக் சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற கடை. ஆறு வயசிலிருந்து திக்கு. ஸ்கூலில் வருகை எடுக்கும்போது அவன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளேன் டீச்சர் என்று இவள் கத்தியிருக்கிறாள். அவன் அ என்றால் அரிசி, த என்றால் தண்ணீர், எப்போதும் முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிடுவாள், மற்றவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று. லால்குடிக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா தம்பி பேர் என்ன என்று கேட்டார். ச, ச என்று அவன் ஆரம்பித்ததும் சவரிமுத்துங்க என்றாள் இவள். என்ன வேலை, எவ்வளவு வருஷமா, குடிப்பழக்கம் உண்டா, எல்லாவற்றுக்கும் இவள்தான். வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். திக்குவாய் என்பதால் என்று இவள் அழுதாள். ரொம்ப நாள் கழித்துத் தரகர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா, திக்கினா என்ன, அவரு பேசட்டும்னு பாத்தேன், பேசினதெல்லாம் அவங்க அக்கா, நான் அக்காவையா கட்டிக்கிறது. அதை ஜெசிந்தா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பதினாலு வருஷமாகச் சொல்லவில்லை. அவனிடம் சொல்லிவிட என்று அந்தக் கதவு வரைக்கும் எத்தனை தடவை போயிருப்பாள், கணக்கு வைக்கவில்லை, யாரும் பதிவு செய்யவும் இல்லை.

"அ... அக்கா." பின்னால் அவன்தான், பல் தேய்த்த வாயோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிரம்பின குடத்தை எடுக்க வந்திருந்தான். குனிந்தவன் எடுக்கவில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த பழைய போனைக் கண்ணால் காட்டினான். "அ... அந்த... கெ..." கிழவி சத்தம் தூக்கத்தைக் கெடுத்துச்சா என்று அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கால் கட்டைவிரல் ஈரச் சிமெண்டில் அழுந்தியது. எடுத்தாள். வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தால் அவசரப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். மூன்றாவது குடம் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. "கெழவி... தி... திக்கல," என்றான். "எ... என்னை மாதிரி இல்ல அது." உனக்கு எப்படித் தெரியும், உனக்கு இங்கிலீஷ் புரியாதே என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போது அவன் திக்குவதில்லை. "இங்கிலீஷ் என்னத்துக்கு? தி... திக்கும்போது மூச்சு நின்னுரும்க்கா. இங்க, நெஞ்சுல, க... கல்லு மாதிரி. அந்தம்மாவுக்கு மூச்சு வருது. ஒவ்வொரு தடவையும் வி... விட்டுட்டுத்தான் மறுபடி சொல்லுது. வேணும்னே சொல்லுது." எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். "மொ... மொதல்லேருந்து. கீ... கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்த. சொல்ல வந்தேன்." ஏன்டா சொல்லல? அவன் குடத்தைத் தூக்கி இடுப்பில் ஏற்றினான். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ ச... சத்தத்தைக் கொறைக்கவான்னு கேட்டுட்டுக் கொ... கொறைச்சிட்ட."

அவன் போன பிறகு தண்ணீர் பக்கத்தில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஏழே முக்கால். கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள், விரல் ஈரமாக இருந்தால் போன் எழுத்தை எடுக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடுப்பிலிருந்து இன்னொரு போனை எடுத்து, கன்ஃபர்ம்ட் என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். அழித்தாள். அப்புறம் எழுதினாள்: பிருந்தா, ஊர்ப்பேர் சரி. கவிதை சரியில்லை. என் கை என்பது ஒன்பது தடவை, நடுவில் இடம் விட்டு. அந்தம்மா தடுமாறலை, நான்தான் வெட்டிட்டேன். ஆடியோ என்கிட்ட இருக்கு, அழிக்கலை. கார்டைப் போட்டு இதோட அனுப்புறேன். பழைய போனிலிருந்து கார்டை எடுத்து இதில் பொருத்துவதற்குள் ரெண்டு தரம் கீழே போட்டாள், ஒரு தரம் தண்ணீரிலேயே. ஊதி, துடைத்து, மாட்டினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது, மெதுவாக, உறையூரில் இருந்து டக்கோட்டாவுக்கு நடந்து போகிற மாதிரி. பாதியிலேயே போன் அடித்தது. "அக்கா, என்னக்கா இது? அழிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்கிட்ட இருக்கு உங்க கையெழுத்து." தெரியும்மா. "நான் மேல சொல்லித்தான் ஆகணும், மறைக்க முடியாது. எனக்கும் வேற வழி இல்ல." சொல்லு. கல்லூரிக்காரங்களுக்கும் அனுப்பிடு, முதல்ல அதைச் செய். "அனுப்புறேன்... ஆனா அக்கா, இதுக்கப்புறம் நீங்க..." பிருந்தா நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம், யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம், பிருந்தா எச்சில் முழுங்குகிற சத்தம். மீதி என்ன என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தால் பிள்ளைக்குச் சுலபமாக இருக்கும். எடுத்துக் கொடுக்கவில்லை. காதில் போனை வைத்தபடி, அவளாகச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது குடம் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. இடது கையால் அதை ஓரமாக நகர்த்தி, காலிக் குடத்தைக் கழுவிக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, குழாய்க்கு நேராக வைத்தாள்.